கென்யா ஆரம்பப் பள்ளிகள்: பிள்ளைங்க உள்ள வந்தாச்சு, படிப்பு வந்துச்சா?

2003 ஜனவரியில கென்யாவுல ஸ்கூல் தொறந்தப்ப நெறைய ஹெச்எம்களுக்கு கையும் ஓடல காலும் ஓடல. முந்தின மாசம்தான் எலெக்ஷன் முடிஞ்சுது, ம்வாய் கிபாகி ஜெயிச்சு அதிபர் ஆனாரு, ஆரம்பப் பள்ளிக்கு இனிமே ஃபீஸ் கெடையாதுன்னு வாக்கு குடுத்துதான் அவரோட கூட்டணி ஜெயிச்சுது, பதவிக்கு வந்த சூட்டோட அத நடைமுறைக்கும் கொண்டு வந்துட்டாங்க, ஆனா கூடுதல் பெஞ்சும் இல்ல, கூடுதல் டீச்சரும் இல்ல. 2002ல சுமார் 59 லட்சம் பிள்ளைங்க படிச்சுட்டு இருந்த எடத்துல 2003ல சுமார் 72 லட்சம் பேரு. நைரோபியில கிபேரா மாதிரி சேரிப் பகுதி ஸ்கூல்கள்ல ஒரே கிளாஸ்ல நூறு பேருக்கு மேல நெருக்கியடிச்சு உக்காந்தாங்க. அடுத்த வருஷம் எல்டோரெட்ல கிமானி மருகேன்னு 84 வயசு பெரியவரு, பிரிட்டிஷ்காரங்கள எதுத்து மாவ் மாவ் போராட்டத்துல இருந்தவரு, அரைக்கால் டவுசர் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஒண்ணாங்கிளாஸ்ல வந்து சேந்தாரு. கின்னஸ் ரெக்கார்டுலயும் அவரு பேரு ஏறுச்சு. எழுதப் படிக்க ஆசப்பட்டும் காசு இல்லாம வெளிய நின்ன ஜனங்க அந்த நாட்டுல எவ்ளோ பேரு இருந்தாங்கன்னு அவரப் பாத்தே புரிஞ்சுக்கலாம்.

இத ஒரு நிகழ்வு ஆய்வா எழுதுறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. ஏழை நாட்டுல ஆரம்பக் கல்விய எப்படி சரி பண்றதுன்னு பேசுறவங்க எல்லாரும் சொல்ற யோசனைங்க, அதாவது ஃபீஸ் ரத்து, இலவச புத்தகம், சாப்பாடு, பூச்சி மருந்து, கூடுதல் டீச்சர், ஸ்காலர்ஷிப், டேப்லெட், இதெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு விடாம கென்யாவுல போட்டுப் பாத்து, அளந்தும் பாத்துருக்காங்க. 25 வருஷத்துக்கு மேல கணக்கு இருக்கு. அந்தக் கணக்க வரிசையா படிச்சுட்டு வந்தா ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்து நிக்குது: இது கடைசி பெஞ்சுல இருக்குற பிள்ள வரைக்கும் போய்ச் சேந்துச்சா, இல்ல முதல் ரெண்டு பெஞ்சோட நின்னுடுச்சா? என்னப் பொறுத்த வரைக்கும் கென்யாவுல ஜெயிச்சதும் தோத்ததும் இந்த ஒரு எடத்துலதான் பிரியுது.

முன்னாடி ரெண்டு தடவ நடந்தது

2003 முதல் தடவ இல்ல. 1963ல சுதந்திரம் வாங்குன நாடு, 1974லயே முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் ஃபீஸ ரத்து பண்ணாரு. ஒண்ணாங்கிளாஸ் எண்ணிக்க ஒரே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. ஆனா ஃபீஸ் போன எடத்துக்கு கவர்மெண்ட் பணம் வரணும்ல, வரல, அதனால ஊருக்கு ஊரு ஸ்கூல் கமிட்டிங்க பில்டிங் ஃபண்டுன்னு ஒரு வசூல் ஆரம்பிச்சாங்க. சில எடத்துல அது பழைய ஃபீஸ விட ஜாஸ்தி. வந்த பிள்ளைங்கள்ல ஏகப்பட்ட பேரு திரும்பப் போயிட்டாங்க. 1979ல அடுத்த அதிபர் டேனியல் அராப் மோய் மிச்ச கிளாஸ்களுக்கும் ரத்து பண்ணி, ஸ்கூல்ல இலவச பாலும் குடுத்தாரு, அந்தப் பால இன்னைக்கும் நெனச்சுப் பேசுற தலைமுற ஒண்ணு அங்க இருக்கு. அப்புறம் 80கள் கடைசியில கடன் நெருக்கடி, செலவப் பெத்தவங்களும் பகிர்ந்துக்கணும்னு கொள்க மாறுச்சு, பரீட்சை ஃபீஸ், புக் ஃபீஸ், வாட்ச்மேன் காசு, அது இதுன்னு எல்லாம் திரும்ப வந்துச்சு. காசு கட்டாத பிள்ளைய நடு வகுப்புல வீட்டுக்கு அனுப்புறது சாதாரணம் ஆயிடுச்சு. 90கள்ல சேர்க்க சரிஞ்சுது.

அதனால 2003ல முக்கியமான விஷயம் அறிவிப்பு இல்ல, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,020 ஷில்லிங்னு கணக்கு போட்டு நேரா ஸ்கூல் பேங்க் அக்கவுண்டுக்கே அனுப்புனது. அதுல 650 சிம்பா அக்கவுண்டுக்கு, புத்தகம் நோட்டு பென்சில் மட்டும் வாங்க, மிச்சம் 370 பொதுச் செலவு அக்கவுண்டுக்கு, ரிப்பேர், கரண்டு, வாட்ச்மேன் சம்பளம் இதுக்கெல்லாம். 1974ல இந்த ஏற்பாடு இல்லாம போனதாலதான் எல்லாம் கவுந்துச்சு. 2003 தாக்குப் பிடிச்சுது. குற இல்லாம இல்ல, 2009ல கல்வித் துறையில பணம் கையாடல் ஆனது வெளிய வந்து, உதவி குடுத்துட்டு இருந்த பிரிட்டனும் உலக வங்கியும் பணத்த நிறுத்துனாங்க, பிள்ளைங்க நோட்டுக்கு வந்த காசுல கை வச்சத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. ஆனா ஃபீஸ் பழைய மாதிரி திரும்ப வரல.

இன்னொண்ணும் நடந்துச்சு. கூட்டம் ஏறினதும் கொஞ்சம் வசதி இருந்த பெத்தவங்க பிள்ளைங்கள கவர்மெண்ட் ஸ்கூல்லேர்ந்து எடுத்து பிரைவேட்ல போட்டாங்க. கமிட்டியில கேள்வி கேக்குற தெம்பு இருந்த பெத்தவங்கதான் முதல்ல போனாங்க. மீந்து நின்னது முதல் தலைமுறையா ஸ்கூல் வாசல மிதிக்கிற பிள்ளைங்க.

புசியாவுல என்ன கத்துக்கிட்டாங்க

இப்ப கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா ஃபீஸ் போறதுக்கு முன்னாடியே மேற்கு கென்யாவுல, உகாண்டா பார்டர ஒட்டி இருக்குற புசியா, டெசோ மாவட்டங்கள்ல ஒரு பெரிய வேல நடந்துட்டு இருந்துச்சு. மைக்கேல் க்ரெமர்னு ஒரு அமெரிக்க எகனாமிஸ்ட், காலேஜ் முடிச்ச புதுசுல பக்கத்து காகமேகாவுல ஒரு வருஷம் வாத்தியாரா இருந்தவரு, 90கள் நடுவுல திரும்ப வந்தப்ப ஐசிஎஸ்ங்கிற டச்சு தொண்டு நிறுவனத்தோட சேந்து ஒரு யோசன சொன்னாரு. உதவி எல்லா ஸ்கூலுக்கும் ஒரே வருஷத்துல குடுக்க எப்படியும் காசு பத்தாது, அப்படின்னா யாருக்கு முதல்ல யாருக்கு அடுத்துங்கிறத சிபாரிசு பாத்து முடிவு பண்ணாம குலுக்கிப் போட்டு பிரிச்சா, முதல்ல வாங்குன ஸ்கூலையும் காத்துட்டு இருக்குற ஸ்கூலையும் பக்கத்துல வச்சு பலன் என்னன்னு நேர்மையா பாக்கலாம்ல. 2019ல எஸ்தர் டுஃப்லோ, அபிஜித் பானர்ஜியோட அவருக்கும் நோபல் கெடைச்சதுக்கு வித்து இங்க போட்டதுதான்.

முதல்ல பாடப்புத்தகம். நாலஞ்சு பிள்ளைங்க ஒரு புத்தகத்துல தலைய விட்டு படிச்சுட்டு இருந்த எடம், அதனால புத்தகம் குடுத்தா மார்க் ஏறும்னு எல்லாருமே நம்புனாங்க, நானா இருந்தாலும் நம்பிருப்பேன். ஏறல. சராசரி மார்க் அசையவே இல்ல. உள்ள பிரிச்சுப் பாத்தா, ஏற்கனவே கிளாஸ்ல முதல்ல வர்ற பிள்ளைங்களுக்கு மட்டும் நல்லா ஏறியிருக்கு, மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும். புசியாவுல ஒரு பிள்ள வீட்டுல பேசுறது லுஹ்யா இல்லன்னா டெசோ. கடத்தெருவுல, ரேடியோவுல கேக்குறது கிஸ்வாஹிலி. புத்தகம் இருக்குறது இங்கிலீஷ்ல, அந்தப் பிள்ளைக்கு அது மூணாவது மொழி. புத்தகம் அரசாங்கம் ஒப்புதல் குடுத்த நல்ல புத்தகம்தான், ஆனா அத எழுதுனவங்க மனசுல இருந்த பிள்ள நைரோபியில, வீட்டுல இங்கிலீஷ் பேப்பர் வாங்குற குடும்பத்துப் பிள்ள. இங்க கீழ் வகுப்பு பிள்ளைங்கள்ல நெறைய பேரால அந்த புத்தகத்துல ஒரு பத்திய எழுத்துக்கூட்டிப் படிக்க முடியல, படிச்சாலும் புரியல. புத்தகம் கைக்கு வந்துடுச்சு, பக்கத்த பொரட்டுறான், படத்தப் பாக்குறான், மூடி வைக்கிறான். அப்ப இருந்த எட்டாங்கிளாஸ் முடிவுல வர்ற கேசிபிஇ பரீட்சைதான் எல்லாத்துக்கும் அளவுகோல், சிலபஸும் புத்தகமும் டீச்சர் நடத்துற வேகமும் அந்தப் பரீட்சைய தாண்டப் போற சில பேருக்காகவே போட்டது. கிளாஸ்ல இருக்குற பெரும்பாலான பிள்ளைங்களுக்காக யாரும் எதுவும் எழுதவே இல்ல. கணக்கு, அறிவியலுக்கு சுவத்துல தொங்க விடுற பெரிய சார்ட்டும் குடுத்துப் பாத்தாங்க, அதுலயும் பலன் ஒண்ணும் தெரியல.

அடுத்து பூச்சி மருந்து. 1998லேர்ந்து 75 ஸ்கூல், சுமார் 30,000 பிள்ளைங்க. விக்டோரியா ஏரிப் பக்கம், வெறுங்காலோட நடக்குற பிள்ளைங்க, கொக்கிப்புழு, உருண்டைப்புழு எல்லாம் அங்க சர்வ சாதாரணம். ஒரு மாத்திர சில ஷில்லிங்தான். மாத்திர குடுத்த ஸ்கூல்ல பிள்ளைங்க லீவு போடுறது கால் பங்கு கொறஞ்சுது. இது பெரிய விஷயம், கென்யா அரசாங்கமே 2009ல நாட்டளவுல இத எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. 2015ல அந்த ஆய்வ திரும்ப கணக்குப் போட்டுப் பாத்தவங்க, பக்கத்து ஸ்கூல்களுக்கும் பலன் பரவுச்சுன்னு சொன்ன கணக்குல தப்பு இருக்குன்னு காட்டுனாங்க, பெரிய சண்டையே நடந்துச்சு. அதே பிள்ளைங்கள 20 வருஷம் கழிச்சு தேடிப் பிடிச்சுப் பாத்தப்ப, மருந்து கூடுதலா வாங்குனவங்க மணிக்கூலி சுமார் 13 சதவீதம் ஜாஸ்தின்னு இன்னொரு ஆய்வு வந்துச்சு. மாத்திர குடுக்குறது சரியா தப்பான்னு எனக்கு சந்தேகமே இல்ல, குடுக்கணும், ஒரு பிள்ள வயித்துல புழுவோட ஏன் இருக்கணும். ஆனா நம்ம கேள்விக்கு வருவோம்: வருகை ஏறுன அந்த ஸ்கூல்கள்ல டெஸ்ட் மார்க் ஏறல. பிள்ள நல்ல உடம்போட தெனமும் வந்து, அதே புரியாத பாடத்த கேட்டுட்டுப் போச்சு.

பால்வாடி வயசுப் பிள்ளைங்களுக்கு காலைச் சாப்பாடு குடுத்தப்பவும் அதே கததான். வருகை 30 சதவீதம் ஏறுச்சு, ஆனா மார்க் ஏறுனது டீச்சருக்கு ஏற்கனவே நல்ல பயிற்சி இருந்த எடத்துல மட்டும். சத்துணவு பாத்து வளந்த நமக்கு சோறு பிள்ளைய ஸ்கூலுக்கு இழுத்துட்டு வரும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம், வந்த பிள்ளைக்கு என்ன நடக்குதுங்கிறது தனிக் கேள்விங்கிறதத்தான் புசியா தனியா பிரிச்சுக் காட்டுச்சு.

பெண் பிள்ளைங்க ஸ்காலர்ஷிப் மட்டும் வேற மாதிரி போச்சு. ஆறாங்கிளாஸ் பரீட்சையில முதல் 15 சதவீதத்துல வர்ற பொண்ணுங்களுக்கு அடுத்த ரெண்டு வருஷ ஃபீஸும், படிப்புச் செலவுக்கு கொஞ்சம் காசும். புசியாவுல மார்க் ஏறுச்சு, ஸ்காலர்ஷிப் கெடைக்க வாய்ப்பே இல்லாத பொண்ணுங்களுக்கும் ஏறுச்சு, போட்டியிலயே இல்லாத பசங்களுக்கும் கொஞ்சம் ஏறுச்சு, டீச்சருங்க லீவு போடுறதும் கொறஞ்சுது. எனக்குத் தெரிஞ்சு காரணம் எளிமையானது, ஊரே அந்த ரிசல்ட்ட பாத்துட்டு இருந்துச்சு, பெத்தவங்க வாத்தியார வந்து பாத்து விசாரிச்சாங்க. ஆனா பக்கத்து டெசோவுல அதே திட்டம் தடுமாறிப் போச்சு. 2001ல அங்க ஒரு ஸ்கூல்ல மின்னல் விழுந்து ஏழு பிள்ளைங்க செத்துப் போச்சுங்க. அந்த தொண்டு நிறுவனத்தோட இன்னொரு திட்டம் நடந்துட்டு இருந்த ஸ்கூல் அது, ரெண்டையும் முடிச்சுப் போட்டு ஜனங்க பயந்துட்டாங்க, சில ஸ்கூல்கள் ஸ்காலர்ஷிப்பே வேணாம்னு வெலகிடுச்சு. வெளியாளுங்க காசோட வர்றப்ப ஊரு மனசுல என்ன ஓடும்ங்கிறத எந்த திட்ட அறிக்கையும் சரியா எழுதுறதில்ல. பிள்ளையப் பறிகுடுத்த ஊர மூடநம்பிக்கைன்னு தள்ளிட்டுப் போறது தப்பு, நம்பிக்க வர வைக்கிறதும் திட்டத்தோட வேலதான்.

82 பேரு 44 ஆனப்ப

2003க்கு அப்புறம் மேற்கு கென்யாவுல ஒண்ணாங்கிளாஸ் சராசரி 80 பேரத் தாண்டிடுச்சு. 1998லேர்ந்தே புது டீச்சர் போடுறத நிறுத்தி வச்சுருந்தாங்க, ரிட்டயர் ஆறவங்க எடத்துக்கு மட்டும்தான் ஆளு. இந்த நிலமையில 2005ல டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, க்ரெமர் மூணு பேரும் ஐசிஎஸ்ஸோட சேந்து 140 ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸுக்கு இன்னொரு டீச்சர ஒப்பந்தத்துல வச்சுக்க கமிட்டிக்கு காசு குடுத்தாங்க. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சுட்டு வேல கெடைக்காம ஊருலயே இருந்த புள்ளைங்கதான் வந்தாங்க, கவர்மெண்ட் டீச்சருக்கு ஆகுற செலவுல நாலுல ஒரு பங்கு.

கிளாஸ் சைஸ் சராசரி 82லேர்ந்து 44 ஆச்சு. பாதியா கொறஞ்சா எல்லாருக்கும் மார்க் ஏறணும்ல? பழைய கவர்மெண்ட் டீச்சர்கிட்டயே இருந்த பிள்ளைங்களுக்கு சொல்லிக்கிற மாதிரி ஏறல. ஒப்பந்த டீச்சர்கிட்ட போன பிள்ளைங்களுக்கு ஏறுச்சு. புது ஆளு வந்ததும் பழைய டீச்சருங்க கிளாஸுக்கு வர்றது கொறஞ்சு போயிருந்துச்சு. அந்த ஒப்பந்த வேலைங்கள்ல மூணுல ஒண்ணு ஏற்கனவே அங்க இருக்குற டீச்சரோட சொந்தக்காரங்களுக்குப் போயிருந்துச்சு. பெத்தவங்களுக்கு பயிற்சி குடுத்து கமிட்டியில உக்கார வச்சு, யார எடுக்குறது, ஆளு வர்றாங்களான்னு அவங்களே பாக்க ஆரம்பிச்ச ஸ்கூல்கள்ல இந்த ரெண்டு கோளாறும் கொறஞ்சுது. டீச்சருங்கள திட்டுறதுக்காக இத எழுதல, 80 பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா தனியா நின்ன ஆளுக்கு ஒரு துண கெடைச்சா மூச்சு விடத்தான் தோணும். ஆனா அந்த மூச்சுக்கு வில குடுக்குறது ஆறு வயசுப் பிள்ள.

அந்த ஆய்வுலயே எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற பகுதி வேற. 140ல 121 ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் ஒரே செக்ஷனா இருந்து இப்ப ரெண்டாச்சு. அதுல 61 ஸ்கூல்ல பிள்ளைங்கள கலந்து ரெண்டு செக்ஷன்ல போட்டாங்க. 60 ஸ்கூல்ல, ஏற்கனவே இருந்த மார்க்க வச்சு மேல் பாதி ஒரு செக்ஷன், கீழ் பாதி ஒரு செக்ஷன்னு பிரிச்சாங்க. கேட்டதும் மனசு சுருங்கும், மக்கு செக்ஷன்னு முத்திர குத்திடுவாங்களேன்னு, நியாயமான பயம்தான். ஆனா 18 மாசம் கழிச்சு டெஸ்ட் வச்சா, பிரிச்ச ஸ்கூல்கள்ல மார்க் 0.14 திட்ட விலக்கம் கூட. நூறு பேரு வரிசையில நட்ட நடுவுல நின்ன பிள்ள அஞ்சாறு எடம் முன்னாடி போன மாதிரி. முக்கியமானது என்னன்னா மேல் பாதிக்கும் ஏறுச்சு, கீழ் பாதிக்கும் ஏறுச்சு, கீழ் பாதிக்கு அடிப்படை விஷயங்கள்ல நல்லாவே. சரியா நடுக்கோட்டுல இருந்து ஒரு மார்க்குல கீழ் செக்ஷனுக்குப் போன பிள்ளையும், ஒரு மார்க்குல மேல் செக்ஷனுக்குப் போன பிள்ளையும் கடைசியில ஒரே அளவுலதான் இருந்தாங்க. கெட்டிக்காரப் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்தாத்தான் படிப்பு வரும்ங்கிறது அங்க பலிக்கல, டீச்சர் யாரப் பாத்து நடத்துறாருங்கிறதுதான் பேசுச்சு. கலந்து இருக்குற கிளாஸ்ல டீச்சர் கண்ணு முதல் பெஞ்சுலயே இருக்கும். முதல் பெஞ்சே வேற ரூமுக்குப் போயிட்டா, இருக்குற பிள்ளைங்க அளவுக்கு எறங்கி வந்துதான் ஆகணும். திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் அந்தப் பலன் நின்னுச்சு.

வருஷம் முழுக்க, எட்டாங்கிளாஸ் வரைக்கும் இப்படி பிரிச்சு வைக்கிறத நான் ஆதரிக்கல. ஒண்ணு ரெண்டு கிளாஸ்ல, படிக்கக் கத்துக்குற கட்டத்துல, பிள்ள எங்க இருக்கோ அங்கேர்ந்து ஆரம்பிக்கணும்ங்கிற அளவுல இந்த ஆதாரம் எனக்குப் போதும்.

நாடு முழுக்க போனப்ப

ஒப்பந்த டீச்சர் திட்டம் நல்லா இருக்குன்னு கவர்மெண்டும் எடுத்துச்சு, 18,000 பேர எடுக்க முடிவு பண்ணுச்சு. அதோடயே 2010ல 8 மாகாணத்துலயும் சேத்து 192 ஸ்கூல்ல ஒரு சோதனையும் நடந்துச்சு: ஒரே திட்டம்தான், ஆனா சில எடத்துல வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனம் நடத்தும், சில எடத்துல கல்வித் துறையே நடத்தும். தொண்டு நிறுவனம் நடத்துன எடத்துல மார்க் ஏறுச்சு. துறை நடத்துன எடத்துல ஏற்றம் பூஜ்யம். சம்பளம் மாசக்கணக்கா லேட்டா வந்துச்சு, வந்து பாக்க ஆளு இல்ல. டீச்சருங்க யூனியன் இந்த ஒப்பந்த முறையவே எதுத்து போராடுச்சு, கடைசியில அவங்கள நிரந்தரம் பண்றதா கவர்மெண்ட் ஒத்துக்கிச்சு. ஒப்பந்த டீச்சர் பக்கம் நின்னு பாத்தா அது நியாயம், நாலுல ஒரு பங்கு கூலிக்கு ஒரு வாழ்க்க முழுக்க வேல பாருன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா சின்ன அளவுல ஜெயிச்சத அப்படியே பெருக்குனா பெரிய அளவுலயும் ஜெயிக்கும்னு நெனச்சவங்களுக்கு கென்யா குடுத்த அடி இது.

இதுக்கு நடுவுல 2009ல உவேசோன்னு ஒரு கணக்கெடுப்பு ஆரம்பிச்சுது. இந்தியாவுல பிரதம் அமைப்பு நடத்துற ஏசர் கணக்கெடுப்பப் பாத்து செஞ்சது. ஸ்கூல்ல இல்ல, வீட்டுக்கு வீடு போய், பிள்ளைய திண்ணையில உக்கார வச்சு, எழுத்து, வார்த்த, பத்தி, கதன்னு ஒரு பக்கத்தக் காட்டி படிக்கச் சொல்றது. மூணாங்கிளாஸ் பிள்ளைங்கள்ல பத்துக்கு மூணு பேருக்குத்தான் ரெண்டாங்கிளாஸ் வேல தெரிஞ்சுதுன்னு வந்துச்சு. சேர்க்க எண்ணிக்கையக் காட்டியே பெருமப்பட்டுட்டு இருந்த நாட்டுக்கு இது பெரிய அதிர்ச்சி. உலக வங்கி ஸ்கூல் ஸ்கூலா போய் எடுத்த இன்னொரு கணக்குல, திடீர்னு போய்ப் பாத்தா கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர்கள்ல பாதிக்குப் பக்கம் பேரு கிளாஸ்ல இல்ல, அதுலயும் பெரும்பாலானவங்க ஸ்கூலுக்கு வந்துருக்காங்க, கிளாஸ்லதான் இல்ல.

துசோமே

கீழ் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் படிக்கக் கத்துக் குடுக்குற திட்டம் இது. வாசிப்போம்னு அர்த்தம், கிஸ்வாஹிலி பேரு. 2011லேர்ந்து சின்ன அளவுல நடந்த ஒரு சோதனைத் திட்டத்த, அதாவது பைலட்ட, வச்சு, 2015 தொடக்கத்துலேர்ந்து நாடு முழுக்க எல்லா அரசு ஸ்கூலுக்கும், 20,000க்கும் மேல, போச்சு. பணம் குடுத்தது அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி அமைப்பு யூஎஸ்எய்டும் பிரிட்டனும், நடத்துனது கல்வித் துறை, கூட நின்னது ஆர்டிஐங்கிற அமைப்பு.

உள்ள இருக்குற சரக்கு ரொம்ப சாதாரணம்தான். கீழ் வகுப்புல ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கிலீஷ்ல ஒண்ணு கிஸ்வாஹிலில ஒண்ணுன்னு தனித்தனியா புத்தகம், அதுவும் எழுத்து சத்தத்துலேர்ந்து ஆரம்பிச்சு படிப்படியா போற புத்தகம், புசியாவுல குடுத்தது மாதிரி தலைக்கு மேல போறது இல்ல. டீச்சருக்கு ஒரு கைடு, ஒரு நாளைக்கு ஒரு பாடம்: முதல்ல டீச்சர் செஞ்சு காட்டணும், அப்புறம் எல்லாரும் சேந்து, அப்புறம் பிள்ள தனியா. பைலட்ல இத துண்டு துண்டா சோதிச்சாங்க. டீச்சர் பயிற்சி மட்டும் குடுத்தா பெருசா ஒண்ணும் நடக்கல, பயிற்சியோட ஆளுக்கொரு புத்தகம்னா கொஞ்சம், அதோட டீச்சர் கைடும் சேந்தாத்தான் செலவுக்கு ஏத்த பலன். கிசுமு பக்கம் ஒரு சோதனையில பிள்ளைங்க கையிலயே மின்-வாசிப்பான் குடுத்தாங்க, டீச்சர் கையில டேப்லெட் குடுத்தாங்க, வந்து பாக்குற அதிகாரி கையில டேப்லெட் குடுத்தாங்க, மூணுலயும் பலன் பெருசா வித்தியாசம் இல்ல, செலவு மட்டும் அதிகாரிக்கு குடுத்ததுல ரொம்பக் கம்மி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கெல்லாம் லேப்டாப்னு 2013 எலெக்ஷன்ல வாக்கு குடுத்த நாடு இந்த ரிசல்ட்ட இன்னும் கவனமா படிச்சுருக்கலாம்.

அந்த அதிகாரி வருகைய கொஞ்சம் கிட்டப் போய் பாக்கலாம், ஏன்னா மொத்தத் திட்டமும் நிக்கிறது அதுலதான். வட்டாரத்துக்கு ஒருத்தரா நாடு முழுக்க ஆயிரம் பேருக்கு மேல, முன்னாடியும் இருந்தவங்கதான், ஆனா ஆபீஸ் வேலயிலயே நேரம் போயிடும். துசோமே வந்தப்புறம் கையில டேப்லெட்டோட மோட்டார் பைக்ல ஸ்கூலுக்கு வர்றாரு. கிளாஸ்ல பின்னாடி உக்காந்து முழுப் பாடத்தையும் பாக்குறாரு, டீச்சர் கைடு படி போறாங்களா, பிள்ளைங்க கையில புத்தகம் தொறந்து இருக்கா. அப்புறம் மூணு பிள்ளைங்கள குலுக்கல் மாதிரி எடுத்து, ஹெச்எம் காட்டுற கெட்டிக்காரப் பிள்ளைங்கள இல்ல, ஒரு நிமிஷம் சத்தமா படிக்க வைக்கிறாரு, எத்தன வார்த்த சரியா படிச்சாங்கன்னு டேப்லெட்ல தட்டுறாரு. முடிஞ்சதும் டீச்சரோட தனியா உக்காந்து, இன்னைக்கு இந்த எடம் நல்லா போச்சு, இந்த எடத்துல பிள்ளைங்க தொலஞ்சுட்டாங்கன்னு பேசுறாரு. ஸ்கூலுக்கு வந்ததுக்கு ஜிபிஎஸ் சாட்சி, அத வச்சுத்தான் பெட்ரோல் காசு. மாவட்டத்துல எந்த வட்டாரத்துல எத்தன ஸ்கூல் பாத்துருக்காங்கன்னு மேல இருக்குறவங்க ஸ்க்ரீன்ல தெரியும். ஒப்பந்த டீச்சர் திட்டத்த கவர்மெண்ட் நடத்துனப்ப காணாம போனது இந்த வந்து பாக்குற ஆளுதான், இங்க அதே கவர்மெண்ட் ஆளுங்கள வச்சே அத சாதிச்சுட்டாங்க, அதனாலதான் எனக்கு துசோமே மேல இவ்ளோ மதிப்பு. கவர்மெண்டால முடியாதுன்னு கைகழுவுறவங்களுக்கு பதில் இதுல இருக்கு.

ரெண்டாங்கிளாஸ்ல அரசு வச்ச வாசிப்பு அளவ எட்டுன பிள்ளைங்க, மூணுல ஒண்ணு மாதிரி இருந்தது, மூணுல ரெண்டு பக்கம் வந்துச்சு, ஒரு எழுத்து கூட படிக்கத் தெரியாத பிள்ளைங்க எண்ணிக்க நல்லாவே கொறஞ்சுது. நாடளவுல நடந்த திட்டத்துல இந்த மாதிரி ஏத்தம் ரொம்ப அபூர்வம். கைடுல எழுதுனத கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிக்க வைக்கிறதுன்னு சில பேரு குற சொல்றாங்க, அதுல கொஞ்சம் உண்ம இருக்கு, டீச்சருக்கு சுருக்கமா குறிப்பு குடுக்குறது ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக் குடுக்குறத விட நல்லா வேல செய்யுதுன்னு அந்த குழுவோட ஆய்வே சொல்லுது. ஆனா 60 பிள்ளைங்களோட தனியா நிக்கிற புது டீச்சருக்கு நாளைக்கு காலையில என்ன நடத்துறதுன்னு ஒரு பக்கம் கையில இருக்குறது எவ்ளோ பெரிய தெம்புன்னு கிளாஸ்ல நின்னவங்களுக்குத் தெரியும். கவல என்னன்னா பெட்ரோல் காசு வெளிநாட்டுப் பணத்துல ஓடுனது, 2025ல யூஎஸ்எய்டையே மூடிட்டாங்க. அச்சடிக்கிற செலவும் அதிகாரி வண்டிச் செலவும் கென்யா பட்ஜெட்ல தனி வரியா இருந்தாத்தான் இது நிக்கும், தலைக்கு இவ்ளோன்னு ஸ்கூலுக்குப் போற பணமே லேட்டாத்தான் வருதுன்னு ஹெச்எம்ங்க சொல்லிட்டே இருக்காங்க.

வடக்கு

மேல சொன்ன எல்லாமே டீச்சரும் பிள்ளையும் ஒரே ரூம்ல இருக்குற எடத்துக்குத்தான் பொருந்தும். துர்கானா, வஜீர், மண்டேரா, கரிஸா மாதிரி வறண்ட வடக்கு மாவட்டங்கள்ல ஆடு மாடு ஒட்டகத்தோட எடம் மாறிட்டே இருக்குற குடும்பங்க, ஃபீஸ் இல்லன்னாலும் ஸ்கூல் பல மைல் தூரம். அங்க சாப்பாடு இருந்தாத்தான் ஸ்கூல், 1980லேர்ந்து உலக உணவுத் திட்டம் குடுத்துட்டு இருந்தது, 2009லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அரசே எடுத்துக்கிட்டு 2018ல முழுசா கைக்கு வந்துச்சு. வறட்சி வருஷத்துல சாப்பாட்டு லாரி ஒரு டேர்ம் லேட்டானா அந்த டேர்ம் ஸ்கூல் இல்லன்னே வச்சுக்கலாம்.

அதுக்கு மேல பயம். 2014 நவம்பர்ல மண்டேராவுலேர்ந்து லீவுக்கு ஊருக்குப் போன பஸ்ஸ அல் ஷபாப் தீவிரவாதிங்க மறிச்சு 28 பேரக் கொன்னாங்க, அதுல நெறைய பேரு தெற்கேர்ந்து போய் அங்க வேல பாத்த டீச்சருங்க. லீவு முடிஞ்சு பல பேரு திரும்பப் போக மாட்டேன்னுட்டாங்க, அவங்களக் குத்தம் சொல்ல யாருக்கும் வாய் வராது. 2020 ஜனவரியில கரிஸாவுல கமுதேங்கிற எடத்துல மூணு டீச்சரக் கொன்னதும், வெளியூர் டீச்சருங்கள டீச்சர் நியமன ஆணையமே அந்தப் பக்கத்துலேர்ந்து மாத்தி எடுத்துடுச்சு. பெஞ்சு இருக்கு, புத்தகம் இருக்கு, பிள்ளைங்க வந்து உக்காந்துருக்காங்க, நடத்த ஆளு இல்ல.

இதுக்கு அந்த ஊர்ப் பிள்ளைங்களையே டீச்சர் ஆக்குறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல. டீச்சர் ட்ரெயினிங்ல சேர மார்க் வரம்ப அந்த மாவட்டங்களுக்கு மட்டும் கொறைக்கலாமா கூடாதாங்கிறதுல அங்க பெரிய தகராறு, தரம் போயிடும்னு ஒரு வாதம். நல்ல ஆரம்பப் பள்ளியே கெடைக்காத எடத்துல படிச்ச பிள்ளைகிட்ட நைரோபி மார்க்க கேட்டா அந்த மாவட்டத்துக்கு டீச்சர் எங்கேர்ந்து வருவாங்க? மார்க்க கொறைச்சு எடுத்து, துசோமே மாதிரி கையில கைடும், மாசாமாசம் வந்து பின்னாடி உக்காந்து பாக்குற ஒரு ஆளும், நேரத்துக்கு சம்பளமும், நிரந்தர வேலையும் குடுத்தா அங்க ஸ்கூல் நடக்கும். இதுல எதுவுமே கென்யாவுக்குப் புதுசு இல்ல, ஒவ்வொண்ணையும் தனித்தனியா எங்கயாவது ஒரு எடத்துல செஞ்சு பாத்த நாடுதான் அது.